கண்டக்டர் எறக்கி வுட்ட ஆம்பளப் பூ

தெய்வசிகாமணியோட கொரலுக்கு மைக்கு தேவையில்ல. கள்ளக்குறிச்சியிலேர்ந்து கச்சிராயபாளையம் வழியா கரியாலூருக்கு மலையேறுற பிரைவேட் பஸ்ஸுல அவருதான் கண்டக்டரு. படிக்கட்டுல ஒரு காலு, ரோட்டுல ஒரு காலுன்னு நின்னுக்கினு, மூக்கால பாதி தொண்டையால பாதின்னு எடுத்து வுடுவாரு பாருங்க: "லேடீஸ் முன்ன போ, முன்ன போ, ஜென்ட்ஸ் பின்னால. கம்பியப் புடிச்சவங்க கம்பியோடவே குடித்தனம் பண்ணாதீங்க, நவுரு நவுரு." மலைக்கு ஏத்துற ஆட்டுக்குட்டிங்க கூட அந்தக் கொரலக் கேட்டா கெடா தனியா பொட்டை தனியா பிரிஞ்சு நிக்கும்னு டிரைவர் சிவசங்கர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

பஸ்ஸ வுட்டு எறங்குனாலும் அந்த வேலை அவர வுடாது. கோயில்ல கூழு ஊத்துனா வரிசையப் பிரிக்கிறது இவருதான். பொண்ணு தேவிப்ரியா கல்யாணத்துல, போட்டோவுக்கு மேடையோரம் கூச்சப்பட்டு நின்ன சொந்தக்காரங்களப் பாத்து, உள்ள எடம் நெறைய கீது, வாசல்ல தொங்காம ஏறி வாங்கன்னு கூப்ட்டுட்டாரு. போட்டோக்காரன் சிரிச்ச சிரிப்புல மொத ரெண்டு படமும் ஆடிப் போச்சு.

அந்தக் கல்யாணத்துலதான் அவருக்குச் சரிக்குச் சரியா ஒரு ஆளு கெடச்சாரு. மாப்ளயோட அப்பா, அறிவுச்செல்வன். உளுந்தூர்பேட்டையில மெட்ராஸ் ரோட்டு மேலயே, லாரிக்காரங்க சாப்புடுற பரோட்டா ஓட்டல் வெச்சிருக்காரு. கல்லாவுல உக்காந்துக்கினே, ஓரத்து டேபிளுக்கு ரெண்டு செட்டு, சால்னா தனியான்னு அவரு ஒரு கொரல் குடுத்தா, அடுப்படியில மாவு தானா வீசிக்கும். அவரு ரகசியம் பேசுனாலே ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குற பஞ்சர் கடைக்காரரு பதில் சொல்லுவாரு. ரெண்டு சம்மந்தியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசுனா மண்டபத்துல மேளக்காரங்க வாசிக்கிறத நிறுத்திடுவாங்க.

வம்பு தல தீவாளிக்கு ஆரம்பிச்சுது. பொண்ணு, மாப்ள கூட சம்மந்தியும் வந்திருந்தாரு. தெய்வசிகாமணியோட பொஞ்சாதி மணிமொழி கறிக்கொழம்பு, வடைன்னு எல பூரா பரப்பிட்டு, பக்கத்துல பரங்கிக்கா பொரியலும் வெச்சிருந்தாங்க. சம்மந்தி கறியத் தொடல. பரங்கிக்காத் துண்ட மட்டும் வெரல்ல எடுத்து, வெளிச்சத்துல காட்டி, தங்கம் ஒரசுறவர் மாதிரி பாத்தாரு. அப்புறம், தெரு முழுக்கக் கேக்குற கொரல்ல, இது எத்தினி நாளு லாரியில தூங்கிக்கினு வந்துச்சோ, எழுப்பாமலே வெட்டிட்டாங்க போலன்னாரு.

தேவிப்ரியா தலையக் குனிஞ்சுக்குச்சு. அதப் பாத்ததும் தெய்வசிகாமணிக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. யோசிக்காம வாயத் தொறந்துட்டாரு. தைப் பொங்கலுக்கு, பொண்ணு மொத பொங்கல் வெக்கிறதுக்கு நான் கொண்டாற சீர்ல ஏறுற பரங்கிக்கா எங்க வூட்டுக் கொடியில காய்ச்சதாத்தான் இருக்கும், கடைக்காயா இருந்தா ஒங்க வாசப்படி ஏற மாட்டேன்னுட்டாரு.

சம்மந்தி கையக் கழுவிக்கினே சொன்னாரு: "பாப்பம் சம்மந்தி. டிக்கெட் கிழிச்ச கையி. அதுல காயி நிக்குதான்னு பாப்பம்."

கொடின்னு ஒண்ணு இருந்தது வாஸ்தவந்தான். அது வந்த கதையும் பஸ்ஸுலதான். கரியாலூர் காசியம்மாள் வாராவாரம் மலையிலேர்ந்து பரங்கிக்கா மூட்டையோட சந்தைக்கு எறங்கி வரும். தெய்வசிகாமணி வயசுதான் இருக்கும், ஆனா ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் அவர வா போன்னுதான் பேசும். ஒரு தபா, மூட்டைய முன்னால வெக்கக் கூடாது, லக்கேஜெல்லாம் ஜென்ட்ஸ் பக்கம்னு இவரு சட்டம் பேசி பின்னால தூக்கி வெச்சாரு. கொண்டை ஊசி வளைவுல டிரைவர் பிரேக்கப் போட, மூட்டையிலேர்ந்து ஒரு காயி அவுந்து, நடுவுல உருண்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில போயி ரெண்டாப் பொளந்துச்சு. காசியம்மாள் பஸ்ஸே அதிர்ற மாதிரி கத்தும்னு எல்லாரும் காதப் பொத்துனாங்க. அது கத்தல. பொளந்த காயிலேர்ந்து வெதைய வழிச்சு அவரு டிக்கெட் பையிலயே போட்டுச்சு. ஒடைச்சவன் மொளைக்க வையின்னு சொல்லிட்டு உக்காந்துக்குச்சு. அன்னிக்கு முழுக்க அவரு குடுத்த டிக்கெட்டெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கினு வந்துச்சு.

அந்த வெதை புரட்டாசியில மொளைச்சு, வூட்டுக்குப் பின்னால கொட்டாய் மேல ஏறி, கார்த்திகையில மஞ்ச மஞ்சேர்னு பூத்துது. தெய்வசிகாமணிக்குக் கால் தரையில நிக்கல. ஆனா பூத்ததெல்லாம் மத்தியானத்துல சுருங்கி, மறுநா காம்போட வுழுந்துது. ஒரு காயி இல்ல. மலையேறும்போது காசியம்மாளக் கேட்டாரு. அது கரும்பு கடிச்சிக்கினே சொல்லுச்சு, மொதல்ல வர்றதெல்லாம் ஆம்பளப் பூவுய்யா, ஒல்லிக் காம்புல வெறும் பூவா நிக்கும், பொறவுதான் பொம்பளப் பூ வரும், பூவுக்கு அடியில சின்னதா உருண்டையா பிஞ்சோடவே வரும், அதுதான் காயாவுமின்னு. "ஆனா அந்த ஆம்பளப் பூவ மட்டும்..."னு அது அடுத்தத ஆரம்பிக்கும்போது கரியாலூர் ஸ்டாப்பு வந்துடுச்சு. தெய்வசிகாமணி பழக்க தோஷத்துல விசில ஊதிட்டாரு. காசியம்மாள் எறங்கிப் போயிடுச்சு. மிச்ச வார்த்தையும் கூடவே எறங்கிப் போயிடுச்சு.

அவருக்குத் தெரிஞ்ச பாதியே அவருக்கு ஜாஸ்தியாத் தெரிஞ்சுது. காயி குடுக்குறது லேடீஸு. அப்போ ஜென்ட்ஸு சும்மா கம்பியப் புடிச்சிக்கினு தொங்குற கூட்டம். எடத்த அடைச்சிக்கினு, தண்ணியக் குடிச்சிக்கினு.

மார்கழி பொறந்துது. பொழுது விடியறதுக்கு முன்னாலயே தெருப் பொம்பளைங்க வாசத் தெளிச்சு, கோலம் போட்டு, நடுவுல சாணி உருண்டை புடிச்சு வெப்பாங்க. அது மேல சொருவ பரங்கிப்பூ வேணும். மத்த வருசமெல்லாம் ஏரிக்கரை வரைக்கும் போயித் தேடுவாங்க. இந்த வருசம் கண்டக்டர் வூட்டுக் கொட்டாயிலயே குமிஞ்சு கெடக்குது. எதுத்த வூட்டுத் தங்கமணிதான் மொதல்ல வந்துச்சு. தெருவுலயே பெரிய கோலம் அதோடது, புள்ளி வெச்சா சைக்கிள் போவ வழி இருக்காது.

மணிமொழி பயந்தாங்க, பூவக் குடுத்துட்டா சீருக்கு இன்னாங்க பண்றதுன்னு. அவரு டார்ச்சு லைட்ட வாயில கவ்விக்கினு, ஒவ்வொரு பூவுக்கும் அடியில வெரல வுட்டுத் தடவிப் பாத்தாரு. டிக்கெட் செக்கிங் மாதிரி. அடியில உருண்டையா தட்டுப்பட்டா, நீ உக்காரும்மா. வெறும் காம்பா இருந்தா, நீ எறங்கு. கொஞ்ச நாள்ல லைட்டு கூடத் தேவைப்படல, இருட்டுலயே வெரலு சொல்லிடும். கொடியில இருந்த ஜென்ட்ஸ் ஒருத்தன் பாக்கியில்லாம தெனம் காலையில எறங்கி, தெருவுல ஒவ்வொரு சாணி உருண்டை மேலயும் போயி உக்காந்துக்குனான்.

தெய்வசிகாமணி டூட்டிக்கு நடந்து போவும்போது தெரு ரெண்டு பக்கமும் அவரு பூவு. கண்டக்டரண்ணா கைய வெச்சா கல்லும் பூக்கும்னு பொம்பளைங்க பேசுறது காதுல வுழும். கேக்காத மாதிரி நடந்து, முக்குல திரும்பி நின்னு ஒரு தபா பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவாரு. உளுந்தூர்பேட்டையிலேர்ந்து தேவிப்ரியா போன் பண்ணுச்சு. ஓட்டலுக்குப் பின்னால தண்ணி வுடுற எடத்துல ஒரு பரங்கிக்கொடி தானா மொளைச்சுப் படர்ந்து கீதுப்பா, கோலத்துக்குப் பூ பறிச்சா மாமா திட்டுவாரோன்னு கேட்டுச்சு. அவரு ஒரு பாடமே நடத்திட்டாரு. ஒல்லிக் காம்பா பாத்துப் பறி, அது அத்தினியும் தண்டம், ஒண்ணு கூட வுடாத, குண்டா இருக்குறதத் தொடாத, ஒங்க மாமாவுக்கு ஒரு காயி கூட நஷ்டமில்லன்னு.

இங்க நஷ்டம் அவருக்கு ஆரம்பிச்சுது. பொம்பளப் பூ பூத்துது, மத்தியானத்துக்குள்ள மூடுச்சு. அடியில இருந்த பிஞ்சு மறுநா வெளிறி, அதுக்கு மறுநா மஞ்சளாகி, தொட்டா வுழுந்துது. ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் வரிசையா. திருஷ்டின்னு கொட்டாயில பழைய செருப்பக் கட்டுனாரு. எறும்புன்னு மஞ்சத்தூளத் தூவுனாரு. அணிலு மேல சந்தேகப்பட்டாரு. கடைசியா மனுசங்க மேல வந்துது சந்தேகம். தங்கமணி வாசல்ல போயி நின்னு, இருட்டுல வந்து பொம்பளப் பூவக் கிள்ளிப் பாத்தியா, நெசத்த சொல்லுன்னு செக்கர் கொரல்ல கேட்டுட்டாரு. தங்கமணி வெளக்கமாத்த கீழ வெச்சுட்டு, ஒங்க பூவத் திருடி நான் இன்னா சாம்பாரா வெக்கப் போறேன்னு கேட்டுட்டு உள்ள போயிக் கதவச் சாத்திக்குச்சு.

அன்னிக்குன்னு பாத்து சம்மந்தி போன். ஸ்பீக்கர் போடாமலே மணிமொழிக்கும் கேட்டுச்சு. காயி இன்னா சைசு சம்மந்தி, எறக்க ஆளு அனுப்பட்டுமா, கிரேன் ஏதாச்சும் வேணுமான்னாரு. அவரு வெச்சதும் தேவிப்ரியா தனியாக் கூப்ட்டுச்சு. கடையில ஒண்ண வாங்கிக்கினு வாப்பா, நம்ம கொடின்னு சொல்லிக்கலாம், யாருக்குத் தெரியப் போவுதுன்னு மெதுவாச் சொல்லுச்சு. தெய்வசிகாமணி போன வெச்சுட்டாரு. வாழ்க்கை பூரா டிக்கெட் வாங்காதவனப் புடிச்சு நடுரோட்டுல எறக்கி வுட்ட மனுசன். டிக்கெட் இல்லாத பரங்கிக்காய எந்த மூஞ்சியோட சீருல ஏத்துவாரு?

மறுநா விடியக்காலம் கொட்டாய்க்கு அடியில நின்னாரு. தெருவுக்குப் பூவெல்லாம் குடுத்தாச்சு, கோவத்துல இருந்த தங்கமணிக்கு மட்டும் மணிமொழியே கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தாங்க. கொடியில ஒரே ஒரு பொம்பளப் பூ அப்பதான் வாயத் தொறந்துகினு இருந்துச்சு. அதுக்கப்புறம் கண்ணுக்கெட்டுன வரைக்கும் பொம்பள மொட்டே இல்ல. இது வுழுந்தா பொங்கலுக்குள்ள வேற வழியில்ல. பின்பக்கத்துச் சொவருக்கு அந்தாண்டேர்ந்து யாரோ செருமுனாங்க. பெயிண்ட் கடை பஷீர் அகமது வூட்டு ஷர்புன்னிசா. துணி காயப்போட வந்தவங்க, சொவுரு மேல மோவாய வெச்சிக்கினு நின்னாங்க. அவங்க பக்கத்துல சொரக்கொடி பந்தலே வளைஞ்சு காயாத் தொங்குது. சொரப்பூவ யாரும் கோலத்துல வெக்கிறதில்ல, அவங்க வாசல்ல கோலமும் இல்ல.

"கண்டக்டரண்ணா," ன்னாங்க, மூஞ்சியில சிரிப்பே இல்லாம. "லேடீஸ மட்டும் உள்ள உக்கார வெச்சுட்டு, ஜென்ட்ஸ் பூராத்தையும் எறக்கி வுட்டீங்க. சரி. டிரைவரும் ஜென்ட்ஸுதானேண்ணா. அவரையும் எறக்கி வுட்டா வண்டி எப்டி நவுரும்?"

ஷர்புன்னிசா வெளக்குனாங்க. ஆம்பளப் பூவு நடுவுல ஒரு குச்சி, அதுல மஞ்சப்பொடி. தேனீ அந்தப் பொடியக் கால்ல ஒட்டிக்கினு வந்து பொம்பளப் பூவுல வெச்சாத்தான் பிஞ்சு நிக்கும். நீங்கதான் தெனம் பொடிய வாசல் வாசலா பட்டுவாடா பண்ணிட்டீங்களே, தேனீ இன்னாத்த எடுத்துக்கினு வரும், வெறுங்கையோட வந்து நலம் விசாரிச்சுட்டுப் போவுதுன்னாங்க. மொதல்லயே சொல்லக் கூடாதான்னு இவரு கேட்டதுக்கு, நீங்க பூவுங்களப் பாத்து விசில் ஊதுற அழகப் பாத்துகினு இருந்தேன், அப்டியே நாளு போயிடுச்சுன்னாங்க. அப்புறம் கொரலத் தாழ்த்தி, அந்தப் பூவு வெயிலு ஏறுறதுக்குள்ள மூடிக்கும், சீக்கிரம் ஒரு ஆம்பளப் பூவ எடுத்துக்கினு வந்து நீங்களே தடவி வுடுங்கன்னாங்க.

ஆம்பளப் பூவுக்கு எங்க போறது? தெருவுக்குத்தான்.

லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு ஓடுனாரு. பக்கத்து வூட்டுச் சாணி உருண்டை மேல பூ இருந்துச்சு, ஆனா பாலு ஊத்துறவரு பைக்கு அது மேல ஏறிப் போயிருந்துச்சு. அதுக்கடுத்த வாசல்ல ஒரு ஆடு, மஞ்ச எதழு வாயோரம் தொங்க, அவர நிமிந்து பாத்து மென்னுச்சு. அடுத்த வூட்டுப் பூவுல பக்தி ஜாஸ்தியாகி மஞ்சளும் குங்குமமும் அப்பி, தண்ணியும் தெளிச்சிருந்தாங்க. பொடி கரைஞ்சு போச்சு. தெருக்கோடியில சிவசங்கர் பஸ்ஸ நிறுத்தி ஆரன் அடிக்க ஆரம்பிச்சாரு. நல்ல பூவு மிச்சம் இருந்தது ஒரே எடத்துல. தங்கமணியோட பெரிய கோலம், நட்ட நடுவுல.

தங்கமணி வாசப்படியில உக்காந்து டீ குடிச்சிக்கினு இருந்துச்சு. எழுந்துக்கல.

"இப்ப யாரு பூவ யாரு திருட வந்தது?"

தெய்வசிகாமணி வாய்க்குள்ளயே ஒரு பூ வேணும்மா, தப்பா பேசிட்டேன்னாரு. இன்னா, காதுல வுழலயேன்னுச்சு தங்கமணி. நேத்து கேட்டீங்களே ஒரு கொரலு, தெருவே எட்டிப் பாத்துதே, அதே கொரல்ல கேளுங்கன்னுச்சு. ஆரன் திரும்பவும் அடிச்சுது. வெயிலு ஓட்டு மேல வந்துடுச்சு. தெய்வசிகாமணி ஒரு கால வாசப்படியில வெச்சு, மூக்கால பாதி தொண்டையால பாதி எடுத்து வுட்டாரு: தங்கமணி பூ எடுக்கல, தங்கமணி பூ எடுக்கல, சந்தேகப்பட்டவன் மடையன். தெருவுல கதவு கதவாத் தொறந்துது.

எடுத்துக்கோங்கன்னுச்சு தங்கமணி. ஆனா ஒரு கோடு கலையக் கூடாதாம். ஓரமாப் போங்க, ரெண்டாம் புள்ளியில கால வைங்க, அந்தாண்ட இல்ல, அது லேடீஸ் சீட்டுன்னு அது உக்காந்த எடத்துலேர்ந்தே வழி சொல்ல, ஓடுற பஸ்ஸுல கம்பியப் புடிக்காம நடக்குற மனுசன், கையி ரெண்டையும் விரிச்சிக்கினு, கட்டை வெரல்ல நின்னு, கொக்கு மாதிரி ஒவ்வொரு புள்ளியா தாண்டிப் போயி பூவ எடுத்தாரு. காம்புல சாணி. பூவுக்குள்ள பொடி பத்திரமா இருந்துச்சு.

கொட்டாய்க்குத் திரும்பி வரும்போது பின்னாலயே பாதித் தெரு வந்துடுச்சு. ஷர்புன்னிசா சொவத்துக்கு மேல. எதழப் பிச்சுப் போட்டு, நடுக்குச்சிய மட்டும் புடிச்சிக்கினாரு. பொம்பளப் பூவுக்குள்ள மெதுவா, கொழந்தைக்கு மருந்து தடவுற மாதிரி, சுத்திச் சுத்தித் தடவுனாரு. அவரு கையெடுத்ததும் சொவத்துக்கு அந்தாண்டேர்ந்து சத்தம் வந்துது.

"ரைட், போலாம்."

பிஞ்சு நின்னுச்சு. வெளிறல, மஞ்சளாவல. எலுமிச்சங்கா சைசுக்கு வந்ததும் தெய்வசிகாமணி அதுக்கடியில வைக்கோல் வெச்சு, தன்னோட பழைய காக்கிச் சட்டையால தொட்டில் கட்டுனாரு. பாதிப் பூ கொடிக்கு, பாதிப் பூ தெருவுக்குன்னு பொம்பளைங்களே பேசி முடிச்சாங்க. தங்கமணி செம்பருத்திக்கு மாறிக்குச்சு, ஆனா தெனம் காலையில வந்து, நான் குடுத்த பூவுல காய்ச்ச காயி எப்டி கீதுன்னு பாத்துட்டுப் போவும்.

போகியன்னிக்கு விடியறதுக்குள்ள காம்ப அறுத்தாரு. பழுக்கல. கரும்பச்சை, மேல வெள்ள வரி, பெரிய தேங்கா விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். பச்சரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, கரும்புக் கட்டு எல்லாத்தையும் மணிமொழி பாத்துக்கினாங்க. காய அவரு மடியிலயே வெச்சிக்கினாரு. உளுந்தூர்பேட்டை பஸ் கண்டக்டர் லக்கேஜப் பின்னால வைங்கன்னதுக்கு, இது லக்கேஜ் இல்ல தம்பி, நான் குடுத்த வாக்குன்னுட்டாரு.

வெயிலு ஏறுறதுக்கு முன்னாலயே ஓட்டல் வாசல்ல சம்மந்தி காய வாங்குனாரு. தட்டிப் பாத்தாரு. நகத்தால கீறிப் பாத்தாரு. காம்பத் திருப்புனா, அறுத்த எடத்துல பிசுபிசுன்னு நீரு இன்னும் துளி துளியா கசிஞ்சுகினு இருந்துச்சு. லாரியில தூங்குன காயில அது வராதுன்னு ஓட்டல்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்ல. தெய்வசிகாமணி ஒரு சத்தமான வார்த்தைக்காகக் காத்துகினு நின்னாரு. வரல. சம்மந்தி மொதத் தடவையா, பக்கத்துல நிக்கிறவருக்கு மட்டும் கேக்குற கொரல்ல, கொஞ்சம் பின்னால வாங்கன்னாரு.

ஓட்டலுக்குப் பின்னால, பாத்திரம் கழுவுற தண்ணியக் குடிச்சுக் கொழுத்த பரங்கிக்கொடி ஒண்ணு தகரக் கூரைய மூடியிருந்துச்சு. அதுலயும் ஒரு பழைய செருப்பு தொங்குது. சம்மந்தி அதையே பாத்துகினு சொன்னாரு, ஒங்க காயி வராம போனா நம்ம காய எடுத்து முன்னால வெச்சு ஒங்களக் கலாய்க்கலாம்னு பாத்துப் பாத்து வளத்தேன், ஒரு பிஞ்சு நிக்கல, எவன் கண்ணோ பட்டுப் போச்சுன்னு.

சமையக்கட்டு வாசல்ல காபி டம்ளரோட தேவிப்ரியா நின்னுச்சு. அப்பா அத்தினியும் பறிக்கச் சொன்னியேன்னு வாயத் தொறக்காம கண்ணாலயே கேட்டுச்சு. தெய்வசிகாமணிக்கு ஓட்டல் வாசல்ல ஏறும்போது பாத்த கோலம் இப்பதான் ஞாபகம் வந்துது. சாணி உருண்டைங்க வரிசையா, ஒவ்வொண்ணு மேலயும் ஒல்லிக் காம்புப் பூவு. கொடியில தேடுனா ஒரு ஆம்பளப் பூ இல்ல. கூரையோரம் ஒரு பொம்பளப் பூ மட்டும் வாயத் தொறந்துகினு கெடந்துச்சு.

அவரு தொண்டையக் கனைச்சாரு.

"ஒங்க வண்டிக்கு டிரைவர் இல்ல சம்மந்தி."

இது யாரு சொன்ன வார்த்தைன்னு அவரு சொல்லல. யாரு எறக்கி வுட்டான்னும் சொல்லல. தேவிப்ரியா முந்தானைய வாயில பொத்திக்கினு உள்ள ஓடிப் போச்சு. அவரு பொடி, குச்சி, தேனீ எல்லாத்தையும் இந்தத் தபா விசில் ஊதாம கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சாரு. சம்மந்தி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு வாசலுக்கு ஓடி, டீ குடிச்சிக்கினு நின்ன லாரிக்காரங்க முன்னால குந்தி, சொந்தக் கோலத்துச் சாணியிலேர்ந்து பூவ உருவுனாரு. இன்னா மொதலாளி, இன்னிக்குப் பூ பஜ்ஜியான்னு ஒரு டிரைவர் கேட்டாரு.

தெய்வசிகாமணி கொடிகிட்ட ஒரு கால செங்கல் மேல வெச்சு, எலைய வெலக்கிப் புடிச்சிக்கினு நின்னாரு. சம்மந்தி பூவக் கையில பொத்திக்கினு வர்றதப் பாத்ததும் பழக்கம் அவர மீறி வந்துடுச்சு. மூக்கால பாதி, தொண்டையால பாதி: "ஜென்ட்ஸ் முன்ன வா, முன்ன வா, உள்ள எடம் கீது, ஏறி வா."

மெட்ராஸ் ரோட்டுல போயிகினு இருந்த ஒரு பஸ்ஸு பிரேக்கப் போட்டு நின்னுச்சு. யாரு ஏறணும்னு அந்தக் கண்டக்டர் எட்டிப் பாத்தாரு.